ஒரு வாளித் தண்ணீரும் 96 மணித்தியாலமும்: வாசகர் கேள்வி – பதில்

சிறுபோகத்துக்கு மருந்தடிக்கும் காலம் என்பதாலோ என்னவோ, இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயலுக்குப் போகும் மருந்தையும் குளத்தில் வாழும் மீனையும் பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு விடயத்துக்கே பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் வாங்கிய பூச்சிநாசினியின் பாதுகாப்புத் தகவல் தாளில் “மீன், 96 மணி, எல்.சி.50: 0.003 மி.கி./இலீ.” என்று அச்சிட்டிருக்கிறது. இலக்கம் இவ்வளவு சிறியதாக இருப்பதால் மீனுக்கு ஆபத்தும் சிறியதுதான் என்று கடையில் சொன்னார்கள். அது சரியா? இந்த இலக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— ஒரு விவசாயி, தம்பலகாமம்

பதில்: சரியல்ல, உண்மை அதற்கு நேர்மாறானது. எல்.சி.50 என்பது, குறித்த ஒரு கால அளவுக்குள் பரிசோதனையிலுள்ள மீன்களில் பாதியைக் கொல்லக்கூடிய செறிவு. அந்த இலக்கம் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குக் கொஞ்ச மருந்தே மீனைக் கொல்லப் போதும் என்று பொருள். 0.003 மில்லிகிராம் என்றால் 3 மைக்கிரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கி அதில் மூன்று பங்கை எடுத்து ஓர் இலீற்றர் நீரில் கரைத்த அளவு. உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வகைப்படுத்தலில், மீனுக்கான 96 மணி எல்.சி.50 இலீற்றருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ ஆனால் அந்த இரசாயனம் நீர்வாழ் உயிர்களுக்கு உடனடி நச்சுத்தன்மை கொண்டவற்றின் முதலாம் வகையில் சேரும். 10 வரை இரண்டாம் வகை, 100 வரை மூன்றாம் வகை. உங்கள் கையிலுள்ள மருந்து முதலாம் வகையின் எல்லையைவிட முந்நூறு மடங்குக்கு மேல் கடுமையானது. கொள்கலத்தில் பட்ட மரமும் செத்த மீனும் வரைந்த சின்னம் இருக்கும்; பாருங்கள்.

இந்த இலக்கத்தைப் பெறும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் முறையைத் தெரிந்துகொண்டால்தான் இலக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும். பாரிஸைத் தலைமையகமாகக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பின் 203ஆம் இலக்க வழிகாட்டியே இன்று பெரும்பாலான நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அது 1981இல் முதலில் ஏற்கப்பட்டு, பின்னர் 1992இலும் 2019இலும் திருத்தப்பட்டது. வரிக்குதிரை மீன், கப்பி, சாதாரண கெண்டை, ஜப்பானிய அரிசிமீன், வானவில் திரௌட் போன்ற சில இனங்களே அதில் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் வரிக்குதிரை மீன் தெற்காசிய ஓடைகளுக்கும் வயல்களுக்கும் உரிய சிறு மீன். திரௌட்டோ குளிர்நீர் மீன், நம் நாட்டில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் பிரித்தானியர் கொண்டுவந்து விட்டது.

மீன்களைக் கொண்டுவந்த அன்றே பரிசோதனையில் விடுவதில்லை. பரிசோதனையில் பயன்படும் அதே வகை நீரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து பழக்குகிறார்கள். அந்த ஏழு நாளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்துவிட்டால், மீதி மீன்கள் எவ்வளவு துடிப்பாகத் தெரிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் ஒதுக்கப்படும். பரிசோதனைக்கு ஒரு நாள் முன்பிருந்தே உணவு நிறுத்தப்படும். உணவு போட்டால் கழிவு சேர்ந்து அமோனியா கூடும், மருந்தில் ஒரு பகுதியும் உணவிலும் கழிவிலும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் குறைந்தது ஐந்து தொட்டிகளில் ஐந்து வெவ்வேறு செறிவுகளும், மருந்தே இல்லாத ஒரு தொட்டியும் ஆயத்தப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழு மீன்கள் விடப்படும். மருந்தில்லாத அந்தத் தொட்டியைக் கட்டுப்பாட்டுத் தொட்டி என்கிறோம். அதில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் (பத்து மீனுக்குக் குறைவாக விட்டிருந்தால் ஒன்றுக்கு மேல்) இறந்தால் பரிசோதனை முழுவதுமே செல்லாது. நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் காற்றோடு நிறைவுற்ற அளவின் 60 வீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. வெப்பநிலை, பீ.எச். பெறுமானம் ஆகியவையும் தொடர்ந்து அளக்கப்படும்.

அதன்பின் நான்கு நாட்கள், அதாவது 96 மணித்தியாலம், மீன்களைக் கவனிக்கிறார்கள். ஒரு மீன் இறந்துவிட்டது என்று எழுதுவதற்கும் விதி உண்டு: செவுள் மூடி அசையக்கூடாது, வாலின் அடிப்பகுதியை மெல்லத் தொட்டாலும் எவ்விதத் துலங்கலும் இருக்கக்கூடாது. இறந்ததை உடனே அகற்றவேண்டும். உயிரோடிருப்பவற்றின் நடத்தையும் குறிக்கப்படும்: சரிந்து நீந்துகிறதா, மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, நிறம் கறுத்துவிட்டதா, தொட்டியின் அடியில் கிடக்கிறதா. மரணத்தின் எண்ணிக்கையை மட்டும் படிப்பவர்கள் இந்தக் குறிப்புகளைத் தவறவிடுகிறார்கள். சரிந்து நீந்தும் மீன் தொட்டியில் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வரும். கந்தளாய்க் குளத்தில் அதே மீனைக் கொக்கோ நீர்க்காகமோ அடுத்த நிமிடமே கொத்திக்கொண்டு போய்விடும்.

இன்னுமொன்று: தொட்டியில் எவ்வளவு மருந்து ஊற்றினோம் என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. பல மருந்துகள் கண்ணாடியிலும் இறப்பர்க் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். சில காற்றில் ஆவியாகும். சில வெளிச்சத்தில் சிதையும். ஆகவே நீரின் மாதிரியை எடுத்துப் பகுப்பாய்வு செய்து, உண்மையில் நீரில் இருந்த செறிவைக் கண்டறிகிறார்கள். செறிவு நிலைத்து நிற்காத மருந்தாக இருந்தால் தினமும் கரைசலை மாற்றுவார்கள், அல்லது புதுக் கரைசல் ஓயாமல் உள்ளே வந்து பழையது வெளியேறும்படி அமைப்பார்கள்.

கேள்வி: உயர்தர உயிரியல் மாணவி நான். செறிவுகளை 2, 4, 6, 8 என்று சம இடைவெளியில் எடுக்காமல் ஏன் 1, 2, 4, 8 என்று எடுக்கிறார்கள்? பெறுபேற்றிலிருந்து எல்.சி.50ஐக் கணிப்பது எப்படி?
— மாணவி, திருகோணமலை நகரம்

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. நஞ்சுக்கு உயிர்கள் காட்டும் துலங்கல் கூட்டல் முறையில் ஏறுவதில்லை, பெருக்கல் முறையில் ஏறுகிறது. 1 மில்லிகிராமிலிருந்து 2க்குப் போவதால் ஏற்படும் வேறுபாடும் 8இலிருந்து 16க்குப் போவதால் ஏற்படும் வேறுபாடும் ஏறத்தாழ ஒரே தன்மையானவை. 15இலிருந்து 16க்குப் போனால் பெரிதாக எதுவும் மாறாது. அதனால் ஒவ்வொரு செறிவும் முந்தியதன் குறித்த மடங்காக அமைக்கப்படுகிறது. அந்த மடங்கு 2.2க்கு மேற்படாமல் இருப்பது விரும்பத்தக்கது என்பது வழிகாட்டியின் அறிவுரை.

கணக்கைக் காட்டுவதற்காக நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் பத்து மீன்கள். செறிவுகள் இலீற்றருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம். நான்கு நாள் முடிவில் இறந்தவை முறையே 0, 1, 4, 9, 10 என்று வைத்துக்கொள்வோம். பாதி மீன்கள் இறக்கும் புள்ளி 4க்கும் 8க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 4இன் மடக்கை 0.602, 8இன் மடக்கை 0.903. இறப்பு வீதம் 40இலிருந்து 90க்கு ஏறும் அந்த இடைவெளியில் 50 என்பது ஐந்தில் ஒரு பங்குத் தூரம். ஆகவே 0.301ஐ ஐந்தால் வகுத்து 0.602உடன் கூட்டினால் 0.662, அதன் எதிர்மடக்கை சுமார் 4.6. எனவே எல்.சி.50 ஏறத்தாழ 4.6 மில்லிகிராம். ஆய்வுகூடங்களில் இப்படி இரண்டு புள்ளிகளை மட்டும் நம்பாமல் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் புரொபிற் முதலிய புள்ளிவிபரவியல் முறைகளால் கணித்து, விடையோடு நம்பிக்கை எல்லைகளையும் (உண்மையான பெறுமானம் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கக்கூடும் என்பதையும்) தருவார்கள். ஓர் எல்.சி.50 பெறுமானத்தை நம்பிக்கை எல்லைகள் இல்லாமல் எங்காவது கண்டால் அதைச் சற்று ஐயத்தோடு பாருங்கள்.

செறிவுக்கு எதிரே இறப்பு வீதத்தை வரைந்தால் கிடைக்கும் துலங்கல் கோட்டின் சாய்வையும் பாருங்கள். இரண்டு மருந்துகளுக்கு எல்.சி.50 ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றின் கோடு செங்குத்தாக ஏறினால், செறிவு சிறிது கூடினாலும் மீன்கள் மொத்தமாக இறந்துவிடும். மற்றதன் கோடு படுத்திருந்தால், மிகக் குறைந்த செறிவிலும் சில மீன்கள் இறந்துகொண்டிருக்கும். எது மோசம் என்பது குளத்துக்கு மருந்து எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

நச்சுத்தன்மை குறைவு என்று எதிர்பார்க்கப்படும் பொருளுக்கு ஐந்து தொட்டியும் தேவையில்லை. இலீற்றருக்கு 100 மில்லிகிராம் செறிவில் ஒரு தொட்டி, கட்டுப்பாட்டுக்கு ஒன்று, அவ்வளவே. எல்.சி.50 உண்மையில் 100 ஆக இருந்தால் ஒவ்வொரு மீனுக்கும் தப்பும் வாய்ப்பு பாதிதான். பத்து மீனும் தப்புவதற்கான வாய்ப்பு 1024இல் ஒன்று. ஆகவே பத்தும் பிழைத்தால், எல்.சி.50 100க்கு மேலே என்று துணிந்து சொல்லலாம்.

கேள்வி: ஐயா, மருந்து மீனுக்கு ஆபத்தா என்று நானே பார்த்தேன். ஒரு வாளியில் குழாய்த்தண்ணீர் நிரப்பி, சந்தையில் உயிரோடு வாங்கிய இரண்டு திலாப்பியாவையும் ஒரு விராலையும் விட்டு, போத்தல் மூடியால் கொஞ்சம் மருந்து ஊற்றினேன். மாலைக்குள் திலாப்பியா இரண்டும் செத்துவிட்டன. விரால் மறுநாளும் உயிரோடு இருந்தது. மருந்து திலாப்பியாவுக்கு நஞ்சு, விராலுக்கு இல்லை என்று முடிவெடுக்கலாமா?
— ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: எடுக்கமுடியாது. உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த வாளியில் நடந்ததிலிருந்து மருந்தைப் பற்றி எதுவுமே அறியமுடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

முதலில், மருந்து ஊற்றாத இன்னொரு வாளி உங்களிடம் இருக்கவில்லை. அப்படி ஒன்றை வைத்திருந்தால் அதிலும் திலாப்பியா இரண்டும் செத்திருக்கக்கூடும். நிலையான நீரில் செய்யும் பரிசோதனையில் ஓர் இலீற்றருக்கு 0.8 கிராம் மீனுக்கு மேல் விடக்கூடாது என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விதி. உள்ளங்கை அகல திலாப்பியா ஒன்று 80 கிராம் என்று வைத்தாலும் அதற்கு 100 இலீற்றர் நீர் வேண்டும். பத்து இலீற்றர் வாளியில் இரண்டு திலாப்பியாவும் ஒரு விராலும் இருந்தால் ஒட்சிசன் சில மணிநேரத்தில் தீர்ந்துபோகும். நம் ஊர் வெயிலில் நிலைமை இன்னும் கெடும், ஏனெனில் 25 பாகை செல்சியசில் நீர் இலீற்றருக்கு 8.3 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் 7.6 அளவுதான் தாங்கும். வெப்பம் ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசனோ கூடுகிறது. வலையிலும் சந்தையிலும் அடிபட்டு வந்த மீனுக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம்.

விரால் பிழைத்ததற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. அது மேற்பரப்புக்கு வந்து காற்றை வாயால் எடுத்துச் சுவாசிக்கவல்ல மீன், பனையேறிக்கெண்டையும் அப்படியே. ஒட்சிசன் இல்லாத சேற்று நீரிலும் அவை தாக்குப்பிடிக்கும். ஒட்சிசன் தீர்ந்த வாளியில் விரால் பிழைத்துத் திலாப்பியா சாவதற்கு மருந்தே தேவையில்லை.

குழாய்த்தண்ணீரிலுள்ள குளோரீன் இன்னொரு சந்தேக நபர். நமக்குத் தீங்கில்லாத அளவு குளோரீன் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். மூன்றாவதாக, ஒரு மூடி மருந்து எத்தனை மில்லிலீற்றர், அதில் செயற்பொருள் (பூச்சியைக் கொல்லும் இரசாயனம்) எத்தனை வீதம், அதில் எவ்வளவு வாளியின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது என்பவை எதுவும் தெரியாது. ஒரு பகல் என்பதும் போதாத காலம். மெதுவாக வேலை செய்யும் நஞ்சு மூன்றாம் நாளிலும் கொல்லும், நான்கு நாள் பார்ப்பது அதற்காகவே.

அந்த விராலைச் சமைக்கவேண்டாம். செத்த மீன்களைப் பூனை, நாய் தின்னாதபடி ஆழமாகப் புதையுங்கள். வாளி நீரைக் கானிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமான வெறும் மண்ணில் ஊற்றிவிடுங்கள். வாளியை வீட்டுப் பாவனைக்குத் திரும்ப எடுக்கக்கூடாது. இந்தப் பரிசோதனையை மீண்டும் செய்யவேண்டாம் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மருந்துப் போத்தலில் உள்ள நிறப்பட்டை சிவப்பு அல்ல. அப்படியானால் மருந்தடிக்கும் இயந்திரத்தை வாய்க்காலில் கழுவுவதில் என்ன பிழை? மிஞ்சுவது கொஞ்சம்தானே.
— ஒரு விவசாயி, மூதூர்

பதில்: உலக சுகாதார அமைப்பின் வகைப்படுத்தலைத் தழுவிய நிறப்பட்டை, மருந்தைக் கையாளும் மனிதருக்கு உள்ள ஆபத்தைக் காட்டுகிறது, எலிகளில் வாய்வழியாகவும் தோல்வழியாகவும் செய்த பரிசோதனைகளே அதற்கு அடிப்படை. மீனைப் பற்றி அந்த நிறம் எதுவும் சொல்லாது. பைரித்ரொயிட் வகைப் பூச்சிநாசினிகள் இதற்கு நல்ல சான்று. பாலூட்டிகளின் உடல் அவற்றை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். மீனின் உடலால் அப்படிச் செய்ய முடியாது. அதனால் சைப்பர்மெத்ரின் போன்றவை இலீற்றருக்குச் சில மைக்கிரோகிராம் அளவிலேயே மீனைக் கொல்கின்றன.

“கொஞ்சம்தானே” என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். 16 இலீற்றர் கொள்ளும் இயந்திரத்தில் 4 கிராம் செயற்பொருள் கலக்கிறீர்கள் என்று கொள்வோம். அது இலீற்றருக்கு 250 மில்லிகிராம். அடித்து முடித்தபின் அடியில் அரை இலீற்றர் மிஞ்சினால் அதில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். மீனுக்கான எல்.சி.50 5 மைக்கிரோகிராம் என்றால், அந்த அரை இலீற்றரைப் பாதி மீனைக் கொல்லும் செறிவுக்குக் கொண்டுவருவதற்கே 25,000 இலீற்றர் நீர் வேண்டும். சிறுபோகத்தில் வாய்க்காலில் கணுக்கால் அளவுக்கு ஓடும் நீரில் அந்த அளவு எவ்வளவு தூரத்துக்குப் பரவும் என்று நீங்களே மதிப்பிடலாம். இவ்வகை மருந்து சேற்றிலும் இலைகுழையிலும் வேகமாக ஒட்டிக்கொள்வதால் நீரிலுள்ள பங்கு விரைவில் குறையும் என்பது உண்மையே. ஆனால் கழுவிய இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் அதனால் பயனில்லை.

எல்.சி.50க்குக் கீழே வந்துவிட்டால் பாதுகாப்பு என்றும் எண்ணவேண்டாம். அது பாதி மீன்கள் சாகும் அளவு. ஒன்றும் சாகாத அளவு அல்ல. குறுங்காலப் பரிசோதனைகள் மட்டுமே கையில் இருக்கும்போது, ஐரோப்பாவில் இரசாயனங்களை மதிப்பிடுபவர்கள் மிகக் குறைந்த பெறுமானத்தை 1000ஆல் வகுத்தே சூழலுக்குத் தீங்கற்ற அளவை ஊகிக்கிறார்கள். முட்டையிடுதல், வளர்ச்சி, நோயெதிர்ப்பு ஆகியவற்றுக்கு வரும் பாதிப்பை நான்கு நாளில் காணமுடியாது என்பதே அதற்குக் காரணம். நம் பகுதிக்கு இன்னும் இரண்டு காரணங்களைச் சேர்க்கலாம். வரிக்குதிரை மீனில் பரிசோதனை 21 முதல் 25 பாகைக்குள் நடக்கிறது. நம் வாய்க்கால் நீர் பகலில் அதைவிடச் சூடானது. வெப்பம் கூடினால் பல நஞ்சுகள் கடுமையாகின்றன (பைரித்ரொயிட்டுகள் இதற்கு விதிவிலக்கு, அவை குளிரிலேயே கடுமையாகின்றன). மற்றது, வயலிலிருந்து வடியும் நீர் கடைசியில் தம்பலகாமக் குடாவையும் கொட்டியாற்றுக் குடாவையும் சேர்கிறது. அங்குள்ள இறாலுக்கும் நண்டுக்கும் சிப்பிக்கும் நன்னீர் மீனின் எல்.சி.50 பொருந்தாது. பூச்சிநாசினி பூச்சியைக் கொல்லவே ஆக்கப்பட்டது. பூச்சிக்கு உறவான இறாலும் நண்டும் பெரும்பாலும் மீனைவிடக் குறைந்த அளவிலேயே இறந்துபோகும்.

ஆகவே இயந்திரத்தை வயலுக்குள்ளேயே கழுவி, கழுவிய நீரை மருந்தடித்த பயிரின்மேலேயே தெளித்துவிடுங்கள். அடித்தபின் லேபலில் சொல்லப்பட்ட நாட்கள்வரை வரம்பை வெட்டி நீரை வடியவிடாதீர்கள். இதை வட்டவிதானையிடமும் பேசி, மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் ஒரே ஒழுங்கில் நடப்பது நல்லது.

கேள்வி: களைநாசினி செடிக்குத்தானே நஞ்சு? மீனுக்கு அதனால் என்ன?
— ஒரு வாசகி, சேருவில

பதில்: செயற்பொருளை மட்டும் பார்த்தால் சில களைநாசினிகள் மீனுக்கு அவ்வளவு கடுமையானவை அல்ல. ஆனால் போத்தலில் இருப்பது செயற்பொருள் மட்டுமல்ல. 1979இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வானவில் திரௌட்டுக்குத் தனிக் கிளைபொசேற்றின் 96 மணி எல்.சி.50 இலீற்றருக்கு 140 மில்லிகிராம் என்றும், கடையில் விற்கும் கலவையினது 8 மில்லிகிராம் அளவென்றும், இலையில் ஒட்டுவதற்காக அந்தக் கலவையில் சேர்த்த சவர்க்காரம் போன்ற பொருளினது 2 மில்லிகிராம் என்றும் கண்டார்கள். மீனைக் கொன்றதில் பெரும்பங்கு அந்த ஒட்டுப்பொருளுக்கே உரியது. எனவே தகவல் தாளைப் படிக்கும்போது, எல்.சி.50 செயற்பொருளுக்கு உரியதா, விற்பனைக் கலவைக்கு உரியதா என்று கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் குளத்தில் தோணி வைத்துத் தொழில் செய்கிறோம். சில விடியற்காலைகளில் மீன் செத்து மிதக்கிறது. மருந்து கலந்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். எப்படி அறிவது?
— ஒரு மீனவர், கந்தளாய்

பதில்: விடியற்காலை என்று நீங்கள் குறிப்பிட்டது முக்கியமான தடயம். பகலில் பாசியும் நீர்த்தாவரமும் ஒட்சிசனை வெளிவிடும்; இரவு முழுவதும் அவையும் மீன்களும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒட்சிசன் மிகக் குறைவது விடிவதற்குச் சற்று முன். பாசி தடித்துப் பச்சையாகிய நீரில், அதுவும் மழைமுகில் மூடி வெயில் படாத நாளுக்கு அடுத்த விடியலில், மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நின்று பின்னர் சாவதும், சிறியவற்றைவிடப் பெரிய மீன்கள் முதலில் சாவதும், வெயில் ஏறியதும் சாவு நின்றுபோவதும் ஒட்சிசன் குறைவின் அடையாளங்கள். நஞ்சு நேரம் பார்ப்பதில்லை. மருந்து கலந்திருந்தால் பெரும்பாலும் சிறு மீன்களும் குஞ்சுகளும் முதலில் சாகும். இறாலும் நீர்ப்பூச்சிகளும் கூடவே சாகும். சில மீன்கள் சுற்றிச்சுற்றி நீந்தியோ துடித்தோ சாகும். சாவு ஒரு வாய்க்காலின் வாயிலிருந்து தொடங்கிப் பரவுவதையும் காணலாம்.

இவை ஊகத்துக்கு உதவுமே தவிர உறுதிப்படுத்தமாட்டா. உறுதிப்படுத்த மாதிரி வேண்டும், அதுவும் சாவு நடக்கும்போதே வேண்டும். சுத்தமான கண்ணாடிப் போத்தலை அந்த நீரிலேயே அலசி, மேலே காற்றிடம் விடாமல் நிரப்பி மூடுங்கள். மீன் சாகும் இடத்தில் ஒன்று, நீர் வந்து சேரும் பக்கத்தில் ஒன்று, சாவு இல்லாத இடத்தில் ஒன்று. அழுகிய மீனால் பயனில்லை. உயிர் ஊசலாடும் மீனை எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். எல்லாவற்றையும் வெளிச்சம் படாமல் ஐஸில் வைத்து, திகதி, நேரம், இடம் ஆகியவற்றை எழுதி, அன்றே மீன்பிடித் திணைக்கள அலுவலரிடம் அல்லது நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் விரிவாக்க அலுவலரிடம் கொடுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படமும் உதவும். செத்து மிதந்த மீனை விற்பதையும் தின்பதையும் காரணம் தெரியும்வரை ஊரவர் எல்லோரும் நிறுத்தவேண்டும். நட்டம் உங்களுக்குத்தான் என்று தெரிந்தும் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: இலக்கம் ஒன்றைப் பெறுவதற்காக இத்தனை மீன்களைக் கொல்வது நியாயமா?
— ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: வேறு வழியால் அதே விடை கிடைக்கும் இடத்தில் நியாயமில்லை என்பதே என் கருத்து, அந்த வழிகள் இப்போது கூடிவருகின்றன. 2013இல் ஏற்கப்பட்ட 236ஆம் வழிகாட்டி, கருக்கட்டிய வரிக்குதிரை மீன் முட்டைகளை 96 மணித்தியாலம் மருந்தில் வைத்து, முட்டை உறைந்துவிட்டதா, உடற்கண்டங்கள் தோன்றினவா, வால் மஞ்சட்கருவிலிருந்து பிரிந்ததா, இதயம் துடிக்கிறதா என்ற நான்கையும் பார்க்கிறது. 2021இல் வந்த 249ஆம் வழிகாட்டிக்கு உயிருள்ள மீனே தேவையில்லை. வானவில் திரௌட்டின் செவுளிலிருந்து பெறப்பட்டு ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் கலங்களை 24 மணித்தியாலம் பரிசோதிப்பது அது. நரம்பைத் தாக்கும் நஞ்சுகளுக்குச் செவுட் கலம் சரியான விடை தராமற் போகலாம் என்பதால், முழு மீனில் செய்யும் பரிசோதனை இன்னும் முற்றாக நீங்கவில்லை. மீன்களின் துன்ப அறிகுறிகளைக் கூடுதலாகக் கவனித்துப் பதிவு செய்யும்படி 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கேட்பது சரியான திசையில் வைத்த அடி.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஆய்வுகூடத்தில் ஐம்பது மீன்கள் இறந்து கிடைத்த இலக்கம் தகவல் தாளில் அச்சாகி, அதை ஒருவரும் படிக்காமல் வாய்க்காலில் இயந்திரம் கழுவப்பட்டால், அந்த ஐம்பதும் வீணாக இறந்தவையே. உங்கள் வகுப்பில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், வீட்டிலுள்ள மருந்துகளின் தகவல் தாளை மட்டும் கொண்டுவரச் சொல்லி, மீனுக்குரிய வரியைக் கண்டுபிடித்து வாசிக்கப் பழக்குங்கள். போத்தலைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

கேள்வி: நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகக் கிணற்றில் கப்பி மீன் விட்டிருக்கிறோம். கிணற்றுக்குக் குளோரீன் போடவேண்டும் என்கிறார்கள். மீன் தாங்குமா?
— ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: தாங்காது. இலீற்றருக்கு ஒரு மில்லிகிராமில் சிறு பங்கு குளோரீனே மீனுக்குப் போதும். கிணற்றைச் சுத்திகரிக்கப் போடுவது அதைவிட அதிகம். போடுவதற்கு முன் மீன்களை ஒரு வலைத்துண்டால் அள்ளி, அதே கிணற்று நீர் நிரப்பிய அகன்ற தொட்டியில் நிழலில் விடுங்கள், தொட்டியை நெருக்கவேண்டாம். குளோரீன் வாசனை முற்றாக நீங்கி இரண்டொரு நாள் ஆனபின், முதலில் இரண்டு மீன்களை மட்டும் கிணற்று நீர் எடுத்த ஒரு பாத்திரத்தில் விட்டு ஒரு நாள் கவனித்து, அவை வழக்கம்போல் நீந்தினால் மற்றவற்றையும் கிணற்றில் விடலாம். எவ்வளவு குளோரீன் போடுவது என்பதைக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே சொல்லவேண்டும்.